கைராசி

“ஏனுங்க்கா, புள்ளை பொறந்தப்ப கடலைமாவு போட்டுத் தண்ணி வாக்கலீங்களா?”

பெண் பார்க்க வந்த ராமாத்தாள் காப்பித் தம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டே சாந்தாமணியின் அம்மாவிடம் இப்படித்தான் கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. விளைச்சல் கெட்ட காட்டைப் பார்த்து எரு போடவில்லையா என்று கேட்பதுபோல அக்கறையாகத்தான் கேட்டாள். சாந்தாமணி தட்டைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

“போட்டமுங்க. மூணு வருசம் விடாமப் போட்டம். ஏறலீங்க” என்று அம்மா தப்பு செய்து பிடிபட்டவள் குரலில் சொன்னாள்.

ராமாத்தாளின் மகன் நஞ்சுண்டன் அமெரிக்காவில் மேல்படிப்பு முடித்துவிட்டு அங்கேயே வேலையில் சேர்ந்திருந்தான். பெண் பார்த்துக் கட்டிக்கொண்டு போகப் பத்து நாள் லீவில் வந்திருந்தான். அதில் ஆறு நாள் ஏற்கெனவே போயிருந்தது. ஜாதகம் பொருந்தியது. சாந்தாமணியை நிமிர்ந்து ஒரு தடவை பார்த்துவிட்டு, “சரிம்மா” என்றான். அந்தச் சரியில் சந்தோசமும் இல்லை, வருத்தமும் இல்லை. கல்யாணம் நடந்தது.

இது நடந்து பதினைந்து வருடமாகிவிட்டது. அவளுடைய நிறத்தைப் பற்றி அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். பத்தாம் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கியதற்காக, கலெக்டர் வருகிற அன்று சந்தனத் தட்டு ஏந்தி நிற்க அவளைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அன்று காலையில் டீச்சர் அவளைப் பார்த்துவிட்டு, “நீ உள்ள இருந்து தட்டு எடுத்துக் குடு, போதும்” என்றாள். அதையெல்லாம்கூட மறந்துவிட முடிந்தது. ராமாத்தாள் கேட்டது மட்டும் தைத்த முள்ளாக நின்றுவிட்டது. ஏனென்றால் அதில் ஒரு நம்பிக்கை இருந்தது. யாரோ எங்கோ சரியாகத் தேய்த்திருந்தால் அவள் வேறு மாதிரி ஆகியிருப்பாள் என்ற நம்பிக்கை.

மகள் கயல் சான் ஹோசேயில் பிறந்தபோது சாந்தாமணி அந்தத் தப்பைச் செய்யவில்லை. ராமாத்தாள் ஊரிலிருந்து பெட்டி நிறைய மாவோடு வந்திறங்கினாள். கடலைமாவு, பயத்தமாவு, கஸ்தூரி மஞ்சள், காயவைத்துப் பொடித்த ரோஜா இதழ், ஆவாரம்பூ. தொப்புள்கொடி விழுந்த மறுநாளிலிருந்து சாந்தாமணியே மடியில் போட்டுத் தண்ணீர் வார்த்தாள். ஆறு மாதத்தில் கயல் உரித்த சோளக்கதிர் மாதிரி ஆனாள். ஊர் திரும்பும்போது விமான நிலையத்தில் வைத்து ராமாத்தாள் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உன்னையத்தான் வெளுக்க முடியல. உம் புள்ளைய வெளுத்துப்போட்டே அம்முணி. உங்கையில ராசி இருக்குது.”

அந்த வீட்டில் அவளுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. நஞ்சுண்டன் நல்ல சிவப்பு என்பதை அன்றைக்கு யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. சாந்தாமணியும்தான்.

சான் ஹோசேக்குப் பக்கத்துச் சன்னிவேலில் எல் கமீனோ சாலைக்குப் பின்னால் ஒரு டூப்ளெக்ஸ் வீட்டின் பாதியில் அவர்கள் வாடகைக்கு இருந்தார்கள். கயல் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் சாந்தாமணி முறைப்படி லைசென்ஸ் வாங்கி வீட்டிலேயே டேகேர் தொடங்கினாள். தொண்ணூறுகளின் நடுவில் கம்ப்யூட்டர் வேலைக்கு ஊரிலிருந்து இளம் தம்பதிகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். இரண்டு பேரும் வேலைக்குப் போனார்கள். சாந்தாமணி அக்கா வீட்டில் விட்டால் பிள்ளைக்குப் பருப்பு சாதம் கிடைக்கும், தமிழ் வரும், மத்தியானம் குளிப்பாட்டித் தூங்க வைத்துவிடுவாள். இதெல்லாம் சேர்ந்து பேரானது. ஆனால் கோயிலிலும் கடையிலும் பெண்கள் ஒருவருக்கொருவர் ரகசியமாகச் சொல்லிக்கொண்டது வேறு.

“அந்த அக்கா ஒரு மாவு வெச்சிருக்காங்க. கை பட்டாலே குழந்தைக்குக் கலர் வந்துருதுப்பா. அவங்க பொண்ணைப் பாத்திருக்கியா? அந்த அம்மாவுக்கா இந்தப் பொண்ணுன்னு இருக்கும்.”

குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒரு பெரிய காப்பித்தூள் டப்பாவில் அந்த மாவு இருந்தது. டப்பாவைக் கீழே இறக்கும்போதெல்லாம் சாந்தாமணிக்கு நிமிர்ந்து நிற்கத் தோன்றும். ஊரெல்லாம் கரிச்சட்டி என்ற கையைத் தேடி அல்லவா இத்தனை பேர் வருகிறார்கள்.

யோலாண்டா 1998 ஜூனில் வந்தாள்.

அவள் ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். கருப்பு அமெரிக்கப் பெண். நல்ல உயரம், பெரிய சிரிப்பு. மதுரைப் பக்கத்து வாஞ்சிநாதனை ஆறு வருடத்துக்கு முன் கல்யாணம் செய்துகொண்டவள். மகள் தமிழ் பேச வேண்டும் என்று வாஞ்சிநாதனுக்கு ஆசை. மகளுக்கு ஓவியா என்று பேர் வைத்ததும் அவன்தான். பேர் வைத்ததோடு அவன் வேலை முடிந்துவிட்டது என்று யோலாண்டா சொல்லிச் சிரிப்பாள். ஓவியாவுக்கு அப்போது மூன்றரை வயது. அம்மாவின் நிறம், அம்மாவின் சுருட்டை முடி, முகத்தில் பாதியை அடைத்துக்கொண்ட கண்.

முதல் நாளே யோலாண்டா ஒரு பழுப்பு நிற லோஷன் பாட்டிலைக் கையில் கொடுத்தாள். சாந்தாமணிக்குப் புரிய வேண்டுமே என்று ஆங்கிலத்தை நிதானமாகப் பேசினாள். “குளிச்சதும் உடம்பு ஈரமா இருக்கும்போதே இதைத் தடவணும். இவ தோல் சீக்கிரம் காஞ்சுடும். இது மட்டும்தான். வேற எதுவும் வேண்டாம். மத்த அம்மாக்கள் என்னவோ மாவு பத்திச் சொல்றாங்க. என் பொண்ணுக்கு வேண்டாம். அவ சரியா இருக்கா.”

சாந்தாமணி தலையாட்டினாள். ‘சரியா இருக்கா’ என்ற வார்த்தையை மட்டும் அன்று முழுவதும் மனதுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு குழந்தையைப் பற்றி, அதுவும் கருப்புக் குழந்தையைப் பற்றி, ஒரு தாய் இப்படி ஒரே பேச்சில் முடிப்பாள் என்று அவள் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரி வேலை ஏழரைக்குத் தொடங்கும் என்பதால் யோலாண்டாதான் எல்லோருக்கும் முந்தி வருவாள். அடுத்த குழந்தை வர அரைமணி ஆகும். ஓவியா சோபாவில் படுத்துக் கார்ட்டூன் பார்ப்பாள். சமையலறை மேசையில் இரண்டு பெண்களும் காப்பி குடிப்பார்கள். முதலில் குழந்தையைப் பற்றி மட்டும்தான் பேச்சு. பிறகு வேலை. பிறகு புருசன்மார்கள்.

ஒரு நாள் யோலாண்டா சுவரிலிருந்த கல்யாண போட்டோவைக் காட்டி, “உங்க ஊர்ல கல்யாணப் பொண்ணுங்க பளபளன்னு கட்டுவாங்கன்னு நினைச்சேன். நீ ஏன் இப்படிச் சாம்பல் மாதிரி ஒண்ணைக் கட்டியிருக்கே?” என்று கேட்டாள்.

“பளிச்சுனு கட்டுனா எனக்கு எடுக்காதுன்னு மாமியார் எடுத்த சேலை.”

“எடுக்காதுன்னா?”

சாந்தாமணி தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தடுமாறிச் சொன்னாள். கருப்புக்கு மஞ்சள் ஆகாது, சிவப்பு ஆகாது, பச்சை ஆகாது. யோலாண்டா அன்று கடுகு மஞ்சளில் சட்டை போட்டிருந்தாள். குனிந்து தன் சட்டையைப் பார்த்தாள். பிறகு சாந்தாமணியைப் பார்த்தாள். வீடு அதிரச் சிரித்தாள்.

“எங்க வீட்லயும் இருந்துச்சு” என்றாள் சிரித்து முடித்து. “எங்க சித்தி ஒருத்தி. கடையில சாமான் போட்டுத் தர்ற பழுப்புக் காகிதப் பை இருக்கே, அதை எங்க கை பக்கத்துல வெச்சுப் பாப்பா. பையை விட வெளுப்பா இருந்தா நல்ல பொண்ணு. எங்க அக்கா நல்ல பொண்ணு. நான் பையை விடக் கருப்பு. சர்ச்சுக்குப் போனா அக்காவுக்கு முன் பெஞ்சு, எனக்குப் பின்னாடி. இருபத்து நாலு வயசு வரைக்கும் நான் சிவப்புச் சட்டை போட்டதில்லை. அப்புறம் ஒரு நாள் போட்டேன்.”

“யாரு சொன்னாங்க, போடலாம்னு?”

“யாரும் சொல்லல. சொல்லுவாங்கன்னு இருபத்து நாலு வருசம் காத்திருந்தேன். அப்புறம் காத்திருக்கிறதை நிறுத்திட்டேன்.” காப்பியைக் குடித்து முடித்தாள். “ஓவியா அந்தப் பேச்சை என் வீட்ல கேக்கக் கூடாது. நான் கேட்ட எல்லாத்தையும் அவ கேக்கலாம், அதை மட்டும் கேக்கக் கூடாது. அதுக்காகத்தான் உன்கிட்ட கொண்டுவந்து விட்டேன்.”

“என்கிட்டயா?”

“வேற டேகேர் ரெண்டு பாத்தேன். உன் வீட்டுக் கதவைத் தட்டினதும் நீ வந்து நின்னே. அப்பாடா, என் பொண்ணு காலையில கண்ணு முழிச்சா அழகான கருப்பு முகம் ஒண்ணு, சாயங்காலம் வரைக்கும் அழகான கருப்பு முகம் இன்னொண்ணுன்னு நினைச்சேன்.”

சாந்தாமணி எழுந்துபோய் எதற்கோ குழாயைத் திறந்தாள். முப்பத்து நாலு வயதில் அந்த வார்த்தையை முதல்முதலாகக் கேட்கிறாள். பொய்யோ நிஜமோ தெரியவில்லை. பொய் சொல்லி இவளுக்கு என்ன ஆகப்போகிறது என்று யோசித்தபோது அழுகை வந்தது.

அன்று மத்தியானம் பரண்பெட்டியிலிருந்து ஒரு சேலையை எடுத்தாள். மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்ட பட்டு. கல்யாணத்துக்கென்று அம்மா ஆசையாக எடுத்தது, ராமாத்தாள் வேண்டாம் என்று ஒதுக்கியது. மறுநாள் யோலாண்டாவிடம் காட்டினாள். யோலாண்டா அதைத் தோளில் போட்டுப் பார்த்துவிட்டு, “பொங்கல் விழான்னு ஏதோ சொன்னியே, அன்னிக்கு இதைக் கட்டணும். நானும் மஞ்சள்ல வர்றேன். ரெண்டு பேரும் முன் வரிசையில உக்காரலாம். சரியா?” என்றாள்.

“சரிங்க” என்றாள் சாந்தாமணி தமிழிலேயே.

ஓவியாவுக்கோ தமிழ் தண்ணீர்பட்ட பாடாக வந்தது. அதுவும் சாந்தாமணியின் காங்கேயத்துத் தமிழ். “ஆன்ட்டி, எனக்குப் பசிக்குதுங்” என்று அந்தச் சுருட்டைமுடிப் பிள்ளை சொல்வதைக் கேட்டு நஞ்சுண்டனே ஒரு நாள் சிரித்தான். பாட்டுப் போட்டால் போதும், இடுப்பில் கைவைத்து ஆடத் தொடங்கிவிடும். டிசம்பரில் தமிழ் மன்றத்தில் பொங்கல் விழாவுக்குச் சின்னக் குழந்தைகள் நடனத்துக்கு ஏற்பாடு செய்தார்கள். ஐந்து குழந்தைகள், ஐந்தும் சாந்தாமணி டேகேரில் இருப்பவை. பழக்குகிற பொறுப்பை ஷ்யாமளா எடுத்துக்கொண்டாள்.

ஷ்யாமளா மெட்ராஸ்காரி. அவளும் புருசன் பசுபதியும் ஒரே கம்பெனியில் வேலை. மகள் ஷ்ரேயா எட்டு மாதக் குழந்தையாக இருந்ததிலிருந்து சாந்தாமணியின் மாவில் வளர்ந்தவள். கிறிஸ்துமஸுக்கு முந்தின வெள்ளிக்கிழமை மகளைக் கூட்டிப்போக வந்தவள் ஒத்திகையைச் சற்று நேரம் நின்று பார்த்தாள். பிறகு சமையலறைக்குள் வந்தாள்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ஓவியாவ மட்டும் பின்னாடி நிக்க வெச்சிடலாமா?”

“ஏனுங்க? நல்லா ஆடுதுங்களே அந்தப் புள்ளை.”

“ஆடறா, யாரு இல்லன்னா? அதெல்லாம் அவங்களுக்கு ரத்தத்துலயே இருக்குல்ல! நான் சொல்றது வேற. ஷ்ரேயா பக்கத்துல நின்னா அந்தக் குழந்தைக்குத்தான் கஷ்டம். பசுபதி வீடியோ எடுக்கறார். ஸ்டேஜ் லைட் அடிச்சா வெறும் பல்லுதான் தெரியும் அதுல.” ஷ்யாமளா குரலைத் தழைத்துக்கொண்டாள். “நான் சொல்ல வர்றது உங்களுக்குப் புரியும்லக்கா? உங்களுக்குப் புரியலைன்னா வேற யாருக்குப் புரியும்?”

சாந்தாமணிக்குப் புரிந்தது. உள்ளே இருந்து தட்டு எடுத்துக் கொடுத்தவளுக்கு இது புரியாதா? முடியாது என்று ஒரு சொல் அவள் வாயில் இருந்தது. அந்த வீடு அவள் வீடு, அந்தக் குழந்தைகள் அவள் பொறுப்பில் இருப்பவை. ‘ஆடுறவ முன்னாடிதான் நிப்பா’ என்று சொல்லியிருந்தால் ஷ்யாமளா முகத்தைத் தூக்கிக்கொண்டு போயிருப்பாள், நாலு நாளில் திரும்பி வந்திருப்பாள். சாந்தாமணி அதைச் சொல்லவில்லை. குளிர்சாதனப் பெட்டியின் மேலே பார்த்தாள்.

“மூணு வாரம் இருக்குதல்லங்க. பாப்போம்” என்றாள்.

ஷ்யாமளாவும் மேலே பார்த்தாள். பார்த்ததும் கைதட்டினாள். “அக்கா! உங்க கைராசியா? ட்ரை பண்ணுங்க, ட்ரை பண்ணுங்க! அந்தக் கலர் மட்டும் ஒரு ஷேட் ஏறிடுச்சுன்னா நான் என் கையால உங்களுக்கு அவார்டே குடுக்கறேன்.”

திங்கட்கிழமை மத்தியானம், மற்ற நாலும் தூங்கிய பிறகு, சாந்தாமணி ஓவியாவைக் குளியலறைக்குக் கூட்டிப்போனாள். டப்பாவிலிருந்து மாவை அள்ளிப் பாலில் குழைத்தாள்.

“பான்கேக்கா ஆன்ட்டி?”

“இல்ல கண்ணு. மேலுக்குப் பூசறது. நீ முன்னாடி நின்னு ஆடோணுமா, வேண்டாமா?”

“ஆடோணும்!”

“அப்ப இந்தக் கருப்பெல்லாம் கொஞ்சம் போயிரோணும்.”

குழந்தை தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. அதுவரை அங்கே போகவேண்டியது எதுவும் இருப்பதாக அதற்குத் தெரியாது.

“கருப்பு போனாத்தான் முன்னாடியா?”

“ஆமா.”

“எங்கம்மாவும் கருப்பு. அம்மா பின்னாடியா?”

சாந்தாமணி முழங்கையில் மாவைத் தேய்த்தாள்.

“நீங்களும் பின்னாடியா ஆன்ட்டி?”

தலையோடு ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றினாள். தண்ணீர் ஊற்றும்போது குழந்தைகள் பேசாது.

“அம்மாட்ட சொல்லக் கூடாது. அன்னிக்கு மேடையில பாத்து அம்மாவே அசந்துபோகோணும். சரியா?” என்று துடைத்துவிடும்போது சொன்னாள். அதை அவள் வஞ்சகமாக நினைத்துச் சொல்லவில்லை. யோலாண்டா முன் வரிசையில் உட்கார்ந்து, மகள் முன்னால் ஆடுவதைப் பார்த்து, அந்தப் பெரிய சிரிப்பைச் சிரிக்க வேண்டும். அவளுக்குத் தன்னால் கொடுக்க முடிந்தது அது ஒன்றுதான். அழகான கருப்பு முகம் என்று சொன்னவளுக்குத் திருப்பிச் செய்ய அவள் கையில் வேறு என்ன இருந்தது? இந்த ராசியைத் தவிர.

லோஷனைத் தடவவில்லை. எண்ணெய்ப் பசை இருந்தால் மாவு பிடிக்காது. நாலைந்து நாளில் குழந்தையின் கைகால் சாம்பல் பூத்தது. சாந்தாமணி ஜன்னல் வெளிச்சத்தில் தன் கையோடு ஓவியாவின் கையைச் சேர்த்து வைத்துப் பார்த்தாள். ஏறுகிற மாதிரிதான் இருந்தது.

புது வருடம் பிறந்த வாரம் காலையில் யோலாண்டா மகளின் முழங்கையைத் தடவிப் பார்த்து, “ரொம்பக் காஞ்சிருக்கே. லோஷன் தீந்துடுச்சா?” என்றாள். மறுநாள் புதுப் பாட்டில் ஒன்று வாங்கி வந்து மேசையில் வைத்தாள். “தினமும் தடவறேதானே?”

“தினமுங்க” என்றாள் சாந்தாமணி. கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள். அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது அந்தப் பொய்.

கயல்தான் பார்த்துவிட்டாள். பள்ளியில் அரைநாள் என்று சீக்கிரம் வந்தவள் குளியலறைக் கதவைத் திறந்தாள். பதிமூன்று வயது. தமிழ் புரியும், வாயில் வருவதெல்லாம் ஆங்கிலம்.

“அம்மா! வாட் ஆர் யூ டூயிங்? அவங்க அம்மா வேண்டாம்னு சொன்னாங்கல்ல?”

“உனக்கும் இதானே பண்ணுனேன்? நீ எப்படி வந்திருக்கே பாரு.”

“ஓ மை காட். மாவுனால இல்லம்மா! ஐ லுக் லைக் அப்பா. தட்ஸ் ஆல். பயாலஜி கிளாஸ்ல இதெல்லாம் இருக்கு.”

சாந்தாமணியின் கை குழந்தையின் முதுகில் அப்படியே நின்றது. “அப்ப நான் உனக்கு என்னதான் குடுத்தேன்?” என்று கேட்டாள்.

கயல் தோளைக் குலுக்கினாள். “ஐ டோன்ட் நோ. கண்ணு?” என்றுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்றே நிறுத்தியிருக்கலாம். சாந்தாமணி நிறுத்தவில்லை. நிறுத்தினால் கயல் சொன்னது உண்மை என்றாகிவிடும். பதிமூன்று வருடமாக நிமிர்ந்து நின்றதெல்லாம் வெறும் கடலைமாவு என்றாகிவிடும். மறுநாள் முன்னைவிட அழுத்தித் தேய்த்தாள். “வலிக்குதுங் ஆன்ட்டி” என்றது குழந்தை. “முன்னாடி நிக்கோணுமல்ல கண்ணு. தேச்சாத்தான் போகும்” என்றாள்.

விழா சனிக்கிழமை மாலை. குழந்தைகளை மத்தியானம் சாந்தாமணி வீட்டில் கொண்டுவந்து விடுவது, அங்கேயே மேக்கப் போட்டு அழைத்துப் போவது என்று ஏற்பாடு. நஞ்சுண்டன் காலையிலேயே மன்றத்தாரோடு நாற்காலி போடப் போய்விட்டான். சாந்தாமணி தலைக்குக் குளித்து, மாம்பழ மஞ்சள் பட்டைக் கட்டினாள். கண்ணாடியில் பார்த்தாள். எடுக்காது என்ற சேலை நன்றாகத்தான் இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். மேலும் நன்றாக இருந்தது. கயல் கடந்து போகும்போது நின்று, “யூ லுக் நைஸ், அம்மா” என்றாள்.

ஷ்யாமளா மேக்கப் பெட்டியும் ஷ்ரேயாவுமாகப் பன்னிரண்டு மணிக்கே வந்துவிட்டாள். உள்ளே நுழைந்ததும், “என்னக்கா, இன்னிக்கு மஞ்சள் வெயில்!” என்று சிரித்தாள். ஷ்ரேயாவை உட்காரவைத்துப் பவுடர் பூசத் தொடங்கினாள்.

கதவு தட்டப்பட்டது. சாந்தாமணி முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஓடிப்போய்த் திறந்தாள்.

யோலாண்டா நின்றாள். அவள் மஞ்சள் உடுத்தியிருக்கவில்லை. கசங்கிய ஆஸ்பத்திரிச் சட்டை, வாராத தலை. தோளில் ஓவியா. குழந்தையின் இரண்டு கையிலும் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வெள்ளைத் துணிக்கட்டு.

“ஐயோ! என்னாச்சுங்க?” என்று சாந்தாமணி கையை நீட்டினாள். யோலாண்டா குழந்தையைக் கொடுக்கவில்லை. உள்ளே வந்து நின்றாள். இரவெல்லாம் தூங்காத குரலில் மெதுவாகச் சொன்னாள்.

“நேத்து சாயங்காலம் இவ பாத்ரூம்ல இருந்தா. ரொம்ப நேரம் சத்தம் இல்ல. போய்ப் பாத்தா, கோதுமை மாவைத் தண்ணியில கரைச்சு வெச்சிருக்கா. பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரால கையைத் தேச்சிட்டிருக்கா. ரத்தம் வந்தும் தேச்சிட்டிருக்கா. ஏன்னு கேட்டா, ‘ஆன்ட்டி மாவு’ங்கறா, ‘முன்னாடி நிக்கணும்’ங்கறா. எனக்குப் புரியல.” அவள் சாந்தாமணியின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இன்னும் ஒரு பிடி நம்பிக்கை மிச்சம் இருந்தது. “என்ன மாவு, சாந்தா?”

சாந்தாமணியின் உதடு அசைந்தது. அதற்குள் ஷ்யாமளா பவுடர் பஃபும் கையுமாக எட்டிப் பார்த்தாள். துணிக்கட்டு அவள் கண்ணில் படவில்லை, குழந்தையின் முகம்தான் பட்டது.

“ஓ, வந்தாச்சா? யோலாண்டா, லுக் அட் ஹெர் ஃபேஸ்!” என்று ஆங்கிலத்திலேயே உற்சாகமாக ஆரம்பித்தாள். “நிஜமாவே ஒரு ஷேட் வெளுத்திருக்கா பாருங்க! மூணு வாரமா சாந்தாமணி அக்கா தினமும் தேச்சுக் குளிப்பாட்டறாங்க. இவங்க கை மேஜிக் கை. இனிமே இவ முன்னாடியே நிக்கலாம்!”

அதன்பின் யோலாண்டா எதுவும் கேட்கவில்லை.

ஓவியாதான் அம்மாவின் தோளிலிருந்து தலையைத் தூக்கிச் சாந்தாமணியைப் பார்த்தாள். தப்பு செய்து பிடிபட்டவள் குரலில் சொன்னாள்.

“தேச்சேனுங் ஆன்ட்டி. போகமாட்டேங்குது.”

யோலாண்டாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அது அவளுக்குப் புரிந்த மாதிரி இருந்தது. குழந்தையின் தலையைத் தன் கழுத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். ஒற்றைக் கையால் அலமாரியிலிருந்து ஓவியாவின் மாற்றுச் சட்டைகளை எடுத்தாள். தூங்கும்போது போர்த்துகிற நீலப் போர்வையை எடுத்தாள். மூடி போட்ட தண்ணீர்க் குவளையை எடுத்தாள். எல்லாவற்றையும் ஒரு பையில் திணித்தாள். சமையலறை மேசையில் லோஷன் பாட்டில் இருந்தது. அதையும் எடுத்தாள். மூடியைச் சுற்றி ஒட்டியிருந்த பிளாஸ்டிக் கிழியாமல் அப்படியே இருந்தது. அதைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். பாட்டிலை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

“யோலாண்டா” என்று சாந்தாமணி பின்னாலேயே வந்தாள். ஆங்கிலமும் தமிழும் குழம்பின. “முன்னாடி நிக்கோணும்னுதாங்க... ஒன்லி ஃபார் ஃப்ரண்ட் லைன்... எனக்கு வேற தெரியாதுங்க. எனக்கு இதுதாங்க தெரியும்.”

அறை வாசலில் கயல் வந்து நின்றிருந்தாள். ஷ்யாமளா பஃபைக் கீழே வைத்துவிட்டுத் துணிக்கட்டை இப்போதுதான் பார்த்தாள். ஷ்ரேயா பாதி முகம் வெள்ளையாக உட்கார்ந்திருந்தாள்.

யோலாண்டா கதவருகே நின்று திரும்பினாள். சாந்தாமணி கட்டியிருந்த மாம்பழ மஞ்சளை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள். பையைத் தோளில் ஏற்றினாள். பிறகு மகளைத் தூக்கிக்கொண்டு இரண்டு படியிறங்கி, காரில் அவளை உட்காரவைத்து, பெல்ட்டை மாட்டி, கட்டுப்போட்ட கைகள் அதில் சிக்காமல் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.